பூனைக்கு ஒரு வாயில்

ஸ்ரீரங்கத்திற்கும் பூனைக்கும் உள்ள தொடர்பு பழமையானது. கம்பர் தம் இராமகாதையை அரங்கேற்றிய இடமென்று வழிவழியாகச் சொல்லப்பெறும் மண்டபம் அரங்கன் கோயிலில் தாயார் சந்நிதிக்கு எதிரே இன்றும் நிற்கின்றது. அக்காவியத்தின் அவையடக்கத்தில் அப்பெரும் புலவர் தம்மை எதனோடு ஒப்பிட்டுக்கொண்டார்? பாற்கடலைக் கண்டு, அதனை முற்றும் நக்கிக் குடித்துவிடலாமென்று புகுந்த ஒரு பூனையோடு. வைணவருள் தென்கலையார் இறைவனருளின் இயல்பை விளக்க எடுத்துக்காட்டியதும் பூனையையே. குரங்கின் குட்டி தன் தாயைத் தானே பற்றிக்கொள்கின்றது. பூனைக்குட்டியோ வாளாவிருக்க, தாயே அதனைக் கவ்விச் செல்கின்றது. உயிர்களை இறைவன் காப்பதும் இவ்வாறே என்பது அவர்கள் கொள்கை. இங்ஙனம் காவியத்திலும் தத்துவத்திலும் ஏறி அமர்ந்த இப்பிராணி நம் வீட்டிற்குள் எவ்வழியாக வருகின்றது, அவ்வழியாக வேறு எவையெவை வருகின்றன என்பவற்றை மட்டும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அங்ஙனம் எண்ணாமையால் எங்கள் இல்லத்தில் நேர்ந்த ஓர் இழப்பே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்துப் பழைய வீதியொன்றில் உள்ளது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணற்றடி, கொல்லை என்று தெருவிலிருந்து பின்னோக்கி நீண்டு செல்லும் அமைப்புடையது. கொல்லைக் கதவின் கீழ்ப்பலகை மழையில் உளுத்து ஒரு மூலையில் உடைந்துபோயிற்று. தச்சரை அழைத்துச் செப்பனிடவேண்டுமென்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கையிலேயே, வீட்டுப் பூனைகள் அவ்வோட்டையைத் தம் வழியாகக் கொண்டுவிட்டன. நள்ளிரவில் எழுந்து பூனைக்குக் கதவு திறக்கும் தொல்லை ஒழிந்ததென்று நாங்களும் மகிழ்ந்து அதனை அப்படியே விட்டுவிட்டோம். அந்நாளில் எங்களிடம் நான்கு பூனைகள் இருந்தன. 13 வயதான கிழப்பூனை செல்லம். உடல் வலிய கடுவன் கறுப்பன். யாரைக் கண்டாலும் பரண்மேல் ஏறிக்கொள்ளும் அச்சமுடைய மீனாட்சி. 3 மாதக் குட்டியாகிய மணி.

சில வாரங்களில் அயற்கடுவன் ஒன்று அவ்வழியே இரவில் வரத் தொடங்கிற்று. முதலில் தட்டிலிருந்த உணவு மறைந்தது. பின்னர்க் கூடத்தின் தூண்களில் சிறுநீர் நாற்றம் எழுந்தது. கறுப்பன் அதனோடு பொருது, முன்காலில் பட்ட கடி சீழ்கொண்டு, பத்து நாள் நொண்டினான். மீனாட்சி பரணைவிட்டு இறங்குவதையே நிறுத்திவிட்டாள். இறுதியில் குட்டி மணிக்கு வாந்தியும் கழிச்சலும் கண்டன. மூன்றாம் நாள் அது இறந்தது. பார்வோ இனத்து வைரஸால் பூனைகளுக்கு உண்டாகும் கொடிய நோய் அஃது என்று கால்நடை மருத்துவர் கூறினார். “அயற்பூனைதான் கொண்டுவந்ததென்று உறுதியாகச் சொல்ல முடியாது. வெளியே போய்வரும் உங்கள் பூனைகளே கொண்டுவந்திருக்கலாம். உங்கள் செருப்பில் ஒட்டியும் வந்திருக்கலாம். குட்டிக்குத் தடுப்பூசி போட்டிருந்தால் பிழைத்திருக்கும்” என்றார் அவர். அன்று மாலை என் தமையனாரின் சிறு மகள் அவ்வோட்டையின் முன் உட்கார்ந்துகொண்டு, “சித்தப்பா, இது நம் பூனைகளுக்கு உள்ள வழிதானே? அந்தப் பூனை இதில் ஏன் வந்தது?” என்று கேட்டாள். துளைக்கு ஆள் தெரியாது என்பதைத் தவிர வேறு விடை என்னிடம் இல்லை. ஆள் தெரிந்து திறக்கும் வாயில் உண்டா என்று யான் தேடத் தொடங்கியது அதன் பின்னரே. தேடியும் பிழைபட்டும் அறிந்தவற்றை நேயர்களுக்கு இங்கு முறைப்பட உரைக்கின்றேன்.

துளையின் வரலாறு

பூனைக்குத் துளை அமைக்கும் வழக்கம் புதியதன்று. ஆங்கிலக் கவி சாசர் 14-ஆம் நூற்றாண்டில் இயற்றிய கான்டர்பரி கதைகளுள் ஒன்றில், பூனை நுழைதற்கென்று கதவின் அடியில் இருந்த துளை வழியாக ஒரு வேலையாள் உள்ளே எட்டிப் பார்க்கும் செய்தி வருகின்றது. எக்ஸிடர் நகரத்துப் பேராலயத்தில் பழைய வான்கடிகாரத்தின் கீழுள்ள கதவில் வட்டத் துளை ஒன்று உளது. 1598-ஆம் ஆண்டில் ஆயர் வில்லியம் காட்டன் தம் பூனைக்காக அதனை வெட்டத் தச்சருக்கு 8 பென்ஸ் கொடுத்தார் என்று ஆலயக் கணக்கு கூறுகின்றது. கடிகாரக் கயிற்றில் தடவிய கொழுப்பை நாடிவரும் எலிகளைப் பிடித்தல் அப்பூனையின் பணியாக இருந்தது போலும்.

ஐசக் நியூட்டனைப் பற்றியும் ஒரு கதை வழங்குகின்றது. தாய்ப்பூனைக்குப் பெரிய துளையும் குட்டிகளுக்குச் சிறிய துளையும் அவர் தனித்தனியே வெட்டுவித்தாராம்; பெரிய துளை வழியாகவே குட்டிகளும் வருமென்று அம்மேதைக்குத் தோன்றவில்லையாம். இதற்கு உறுதியான சான்று கிடையாது. பேரறிஞரைப் பார்த்துச் சிரிக்க விரும்பிய எவரோ கட்டிய கதையாகலாம். எனினும் அதனுள் ஓர் உண்மை உளது. துளை ஒன்றே இருக்கும்போது, வருவோரைப் பிரித்தறிய அதற்குள்ள அளவுகோல் உடலின் பருமன் ஒன்றுதான். நாயைத் தடுக்க அது போதும். பூனையிலிருந்து பூனையைப் பிரிக்கப் போதாது. பெருச்சாளியையும் கீரியையும் மரநாயையும் அது தடுப்பதில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே, தென்னந்தோப்பும் வாய்க்காலும் சூழ வாழும் நமக்கு இக்குறை சிறியதன்று.

முன்னர்க் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்

கடைக்குச் சென்றோ தபாலில் எழுதியோ ஒரு கதவை வாங்குமுன் வீட்டார் தம்முள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். யான் இவற்றைக் கேளாமல் முதலில் வாங்கிய கதவு வீணாயிற்று.

முதற்கேள்வி: வெளியே நிற்கவேண்டியவர் யார்? அயற்பூனை ஒன்றே என்றால் ஒருவகைக் கதவு போதும். பெருச்சாளியும் கீரியும் எனில், ஆடுபலகைக்கும் சட்டத்திற்கும் நடுவே இடைவெளியில்லாத, உறுதியான பூட்டுள்ள கதவு வேண்டும்.

இரண்டாம் கேள்வி: உள்ளே நிற்கவேண்டியவர் யார்? பல பூனைகள் உள்ள வீட்டில் ஒவ்வொன்றின் நிலையும் வேறு. எங்கள் கறுப்பன் போய்வரலாம். மீனாட்சி வீதிக்குப் போனால் நாய்களுக்கு அஞ்சி எங்கேனும் ஏறிக்கொண்டு திரும்பமாட்டாள். கருத்தடை செய்யப்படாத பெண்பூனையும், தடுப்பூசி முடியாத குட்டியும் வெளியே செல்லலாகா. இந்த வேறுபாட்டைக் கதவு அறியவேண்டுமா என்பதனை முன்னரே தெளிதல் நன்று. பெரும்பாலோர் இடறுவது இவ்விடத்திலேயே.

மூன்றாம் கேள்வி: வீட்டிற்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவரைப் பிரிக்கவேண்டுமா? செல்லத்திற்குச் சிறுநீரகம் கெட்டு மருத்துவர் தனியுணவு குறித்தபோது இக்கேள்வி எங்களுக்கு எழுந்தது. அவளுடைய உணவைக் கறுப்பன் தின்றான். அவனுடைய உணவை அவள் தின்றாள். ஆள் தெரிந்து திறக்கும் கதவு கொல்லைக்கு மட்டும் உரியதன்று. உக்கிராண அறைக்கும் உரியதாகலாம் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

கதவு பூனையை அறியும் வகைகள்

இத்தகைய கதவுகள் எல்லாவற்றிற்கும் பொதுவான அமைப்பு ஒன்றே. மேல்விளிம்பில் கீல்கொண்டு முன்னும் பின்னும் ஆடும் சிறுபலகை. அதன் கீழோ பக்கத்திலோ ஒரு தாழ். உரிய பூனை வந்தால் தாழ் விலகும்; பூனை தலையால் முட்டித் திறந்துகொண்டு நுழையும்; பலகை தன் நிலைக்கு மீண்டதும் தாழ் மீண்டும் விழும். உரியது இன்னதென்று தாழ் எவ்வாறு அறிகின்றது என்பதில்தான் வேறுபாடு.

முதல்வகை காந்தக் கதவு. பூனையின் கழுத்துப்பட்டையில் சிறு காந்தம் தொங்கும். அது நெருங்கியவுடன் தாழிலுள்ள இரும்பு இழுக்கப்படும். விலை குறைவு, பொறி எளிது. ஆயினும் காந்தத்திற்குக் காந்தம் வேறுபாடில்லை. அடுத்த வீட்டுப் பூனையும் அவ்வாறே காந்தம் பூண்டிருப்பின் அதற்கும் நம் கதவு திறக்கும். எல்லா வீட்டிற்கும் ஒரே சாவி என்றால் பூட்டு எதற்கு? அன்றியும் அக்காந்தம் ஆணி, திருகு முதலியவற்றை வழியெல்லாம் பொறுக்கிக்கொண்டு வரும்; இரும்புக் கம்பியழியில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாம்வகை கழுத்துப்பட்டையில் குறிப்பெழுப்பும் கருவியைத் தொங்கவிடுவது. சில அகச்சிவப்பு ஒளியாலும் சில வானொலி அலையாலும் தம் குறியைக் கதவிற்கு உணர்த்துகின்றன. தனித்தனிக் குறி இருத்தலால் காந்தத்தைவிட இது மேலானது. எனினும் காந்தத்திற்கும் இதற்கும் பொதுவான ஒரு குறை கழுத்துப்பட்டையே. பூனை மரக்கிளையிலும் வேலியிலும் புகுந்து திரிவது. இறுகிய பட்டை கிளையில் மாட்டினால் கழுத்து நெரியும். அதனால் இழுத்தால் தானே கழலும் பட்டையே பூனைக்கு ஏற்றதென்பர். தானே கழலும் பட்டையோ கழன்றுதான் போகும்.

யான் முதலில் வாங்கியது காந்தக் கதவே. ஐப்பசி மாதத்து அடைமழை இரவொன்றில் செல்லம் தன் பட்டையை எங்கேயோ இழந்து வந்தாள். கதவு அவளை அறியவில்லை. 13 ஆண்டு அவ்வீட்டில் வாழ்ந்தவள், கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லின் அடியில் விடியுமளவும் நனைந்து நடுங்கிக் கிடந்தாள். அயலானைத் தடுக்க வைத்த கதவு வீட்டுக்காரியைத் தடுத்தது. பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற பழமொழியை நாம் எளிதாகச் சொல்கின்றோம். கட்டிய மணி நிற்குமா என்பது அதனினும் பெரிய கேள்வி.

மூன்றாம்வகை உடலினுள் வைக்கப்பெறும் மைக்ரோசிப்பைப் படிக்கும் கதவு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நிக் ஹில் என்னும் பௌதிக அறிஞர் தம் வீட்டுப் பூனையின்பொருட்டு ஆராய்ந்து இத்தகைய கதவொன்றை அமைத்து, 2000-க்குப் பிற்பட்ட பத்தாண்டின் இறுதியில் ‘ஷ்யூர்ஃப்ளாப்’ என்னும் பெயரால் வெளியிட்டார். பின்னர்ப் பிறரும் செய்யலாயினர். இதன் இயல்பைச் சற்று விரித்துரைத்தல் விஞ்ஞான மாணவர்க்குச் சுவையாக இருக்கும்.

மைக்ரோசிப்பின் இயல்பு

சிப்பு என்பது ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் குறுக்களவும் உள்ள கண்ணாடிக் குழல். ஒரு பெரிய அரிசியளவு எனலாம். மருத்துவர் அதனைத் தடித்த ஊசியால் பூனையின் இரு தோள்களுக்கும் நடுவே தோலின் கீழ்ச் செலுத்துவர். அதனுள் பாட்டரி இல்லை. நுண்ணிய கம்பிச் சுருள் ஒன்றும், ஓர் எண்ணைத் தாங்கிய சிறு சில்லும் மட்டுமே உள்ளன. கதவின் சட்டத்திலும் ஒரு கம்பிச் சுருள் உண்டு. பூனை தலையை நீட்டியதும் கதவு விழித்துக்கொண்டு, தன் சுருளில் நொடிக்கு 1,34,200 முறை அலைவுறும் மின்னோட்டத்தைச் செலுத்துகின்றது. மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள சுருளில் மின்சாரத்தைத் தோற்றுவிக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-ஆம் ஆண்டில் கண்டறிந்த தத்துவப்படி, பூனையின் தோலடியிலுள்ள சுருளில் மின்சாரம் பிறக்கின்றது. அம்மின்சாரத்தைக் கொண்டே சில்லு உயிர்பெற்றுத் தன் எண்ணைத் திருப்பிச் சொல்கின்றது. கதவு அதனைத் தன் பட்டியலிலுள்ள எண்களோடு ஒப்பிட்டுப் பொருந்தினால் தாழை விலக்குகின்றது. இவ்வளவும் ஒரு நொடிக்குள் முடிகின்றன. நம் ஆய்வுக்கூடத்தில் இரு சுருள்களையும் ஒரு கால்வனாமானியையும் வைத்துக் காட்டும் சோதனையே கொல்லைக் கதவில் பூனைக்கு வழிவிடுகின்றது.

அவ்வெண் 15 இலக்கம் உடையது. சர்வதேச நியமப்படி முதல் மூன்று இலக்கமும் நாட்டையோ செய்தவரையோ குறிக்கும். இந்தியாவிற்குரிய நாட்டெண் 356. பழைய சிப்புகள் சில வேறு அதிர்வெண்ணும் குறைந்த இலக்கமும் உடையவை; அவற்றை எல்லாக் கதவும் படிக்கமாட்டா. ஆதலின் முன்னரே சிப்பு வைக்கப்பெற்ற பூனையாயின், கதவை வாங்குமுன் மருத்துவரிடம் சென்று எண்ணைப் படித்து எழுதிக்கொள்ளல் வேண்டும்.

ஈண்டு ஒரு மயக்கத்தையும் நீக்கவேண்டும். சிப்பு இருந்தால் பூனை எங்கே உளதென்று அறியலாம் எனப் பலர் நினைக்கின்றனர். அஃது தவறு. சில விரற்கடை தூரத்திற்கு அப்பால் சிப்பு ஊமை. அது தான் யார் என்று சொல்லுமேயன்றித் தான் எங்கே என்று சொல்லாது. நம் நாட்டில் பூனைக்குச் சிப்பு வைத்தல் இன்னும் பெருவழக்காகவில்லை; எனினும் சென்னை மாநகராட்சி 2025-ஆம் ஆண்டில் வளர்ப்பு நாய்களுக்குச் சிப்பு வைத்தலை வற்புறுத்திய பின்னர், இச்சொல் நம் ஊரிலும் பலர் வாயில் வழங்கலாயிற்று.

பல பூனைகள் உள்ள வீட்டிற்கு இவ்வகையே சிறந்தது. எண் கழன்று விழுவதில்லை. ஓர் எண் இருவர்க்கு இல்லை. கீரிக்கும் பெருச்சாளிக்கும் எண்ணே இல்லை. முற்கூறிய ஷ்யூர்ஃப்ளாப் கதவு 32 பூனைகளின் எண்களை நினைவில் வைத்துக்கொள்ளும். அத்தனை பூனைகளை வளர்ப்பவர்க்குக் கதவைவிடப் பெரிய கவலைகள் பல இருக்கும்.

ஒருபுறம் படிப்பதும் இருபுறம் படிப்பதும்

இரண்டாம் கேள்வியை இங்கு நினைவுகூர்க. சாதாரணச் சிப்புக் கதவு உள்ளே வருவோரின் எண்ணை மட்டும் படிக்கும். வெளியே போவோரை ஒன்றும் கேளாது. அயற்பூனையைத் தடுப்பதொன்றே நோக்கமாயின் இது போதும். கறுப்பன் போகலாம், மீனாட்சி போகலாகாது என்றால், இருபுறமும் படிக்கும் கதவு வேண்டும். அதில் ஒவ்வொரு பூனைக்கும் தனித்தனியே ஆணையிடலாம். பொழுது சாய்ந்தபின் எவரும் வெளியேறாதபடி காலவரையறை செய்யும் கதவுகளும் உண்டு. இரவில் நாய்கள் கூட்டமாய்த் திரியும் வீதியில் இது பயனுடையது.

உக்கிராண அறைக்கோ ஒருபுறம் படிப்பதே போதும். செல்லத்தின் எண்ணை மட்டும் அக்கதவிற்குக் கற்பித்தோம். அவள் உள்ளே சென்று தன் உணவை உண்டு வெளியே வருகின்றாள். கறுப்பன் வெளியே அமர்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான்.

வாங்குவோர் அறியவேண்டிய நுட்பங்கள் இரண்டு உள. ஒன்று, உரிய பூனை நுழைந்து பலகை மீண்டு அமையும்வரை தாழ் விழாது. அதனை ஒட்டியே வரும் துணிந்த அயற்பூனை அவ்விடைவேளையில் புகுந்துவிடலாம். மற்றொன்று, வெளிநோக்கித் தாழிடாத கதவுகளில், கூர்த்த பூனை பலகையின் விளிம்பில் நகத்தை மாட்டித் தன்பக்கம் இழுத்துத் திறந்துகொள்ளும். இதனைத் தடுக்கும் இரண்டாம் தாழ் உண்டா என்று கேட்டறிதல் வேண்டும்.

இடமும் காலமும்

நல்ல கதவும் தவறான இடத்தில் வைத்தால் பயன்படாது. நம் வீடுகளுக்கு இது மிகவும் பொருந்தும். வீதிவாயிற் கதவு பழைய தேக்கு; அதன் நிலைக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு வணங்குகின்றோம். அதில் துளையிட எந்த வீட்டுப் பெரியவரும் இசையார். இசைந்தாலும் வீதியின் வண்டிகள் நடுவே பூனையைத் திறந்துவிடுவது தகாது. கொல்லைக் கதவே உரியது. அது மரமாயின் தொல்லையில்லை. திருச்சிராப்பள்ளியின் புதிய வீடுகள் பலவற்றில் பின்கதவு இரும்புத் தகடாகவோ கம்பியழியாகவோ இருக்கின்றது. இரும்பு அருகிருந்தால் கதவின் காந்தப்புலம் சிதைந்து, சிப்பைப் படிக்கும் தூரம் குறைந்துபோகும். அவ்வாறாயின் தகட்டில் பெரிய சதுரமாக வெட்டி, மரப்பலகை பொருத்தி, அப்பலகையின் நடுவே பூனைக்கதவை வைத்தல் வேண்டும்.

சுவரில் வைப்பதாயின், பழைய வீடுகளின் சுவர் ஒரு முழத்திற்குக் குறையாத தடிப்புடையது. அதற்கேற்ற நீண்ட கூடு தேவை. அக்கூடு வெளிப்புறம் சற்றே சரிந்திருந்தால் மழைநீர் உள்ளே வாராது. துளையின் அடிவிளிம்பு தரையிலிருந்து ஏறக்குறைய 15 சென்டிமீட்டர், அதாவது நிற்கும் பூனையின் வயிற்றளவு உயரத்தில் இருக்கட்டும். கிழப்பூனைக்கு அதனினும் தாழ்வாக இருத்தல் நன்று. வெளித்தரை பள்ளமாயின் ஒரு கல்லைப் படியாக இடுக.

இக்கதவுகள் பெரும்பாலும் பாட்டரியால் இயங்குவன. ஆகவே மின்தடைக்கு அஞ்சவேண்டுவதில்லை. ஆனால் பாட்டரி தீர்ந்தால் கதவு திறந்தபடி நிற்குமா, பூட்டியபடி நிற்குமா, முன்னெச்சரிக்கை தருமா என்று கேட்டறிக. மறுபடி மின்னேற்றும் பாட்டரியின் மின்னழுத்தம் 1.2 வோல்ட், சாதாரணப் பாட்டரியினது 1.5. இவ்வேறுபாட்டால் சில கதவுகள் சோர்ந்துபோகும். சித்திரை வைகாசியில் வெப்பம் 40 பாகையைக் கடக்கும் நம் ஊரில், மேற்கு வெயில் நேரே படும் இடத்தைத் தவிர்த்துத் தாழ்வாரத்தின் நிழலில் வைத்தல் நலம். மாதம் ஒருமுறை திறந்து பார்த்தால், எறும்பும் தூசியும் அங்கே குடியேறியிருப்பதைக் காணலாம். மெல்லிய துணியால் துடைத்துவிடுக.

பூனைக்குக் கற்பித்தல்

கதவு வைத்த அன்றே பூனை அதனைப் பயன்படுத்துமென்று எதிர்பாராதீர். பிடித்துத் தள்ளி நுழைத்தால் அது பிறகு அப்பக்கமே வாராது. முதற் சில நாட்கள் பலகையை மேலே தூக்கிக் கட்டிவிட்டு, வெறும் துளையாகவே வழங்கவேண்டும். பின்னர்ச் சிறிது சிறிதாகத் தாழ்த்தி, மறுபுறம் உணவைக் காட்டி அழைக்கவேண்டும். தாழ் விலகும்போது எழும் ‘டக்’கென்ற ஒலிக்கு அஞ்சும் பூனைகள் உண்டு, மீனாட்சி அதற்குப் பழக மூன்று வாரம் கொண்டாள். எண்களைப் பதிக்கும்போது ஒவ்வொரு பூனையாகத் தனித்தனியே விட்டுப் பதிக்கவேண்டும். மற்றவற்றை வேறறையில் அடைத்து வைப்பது நல்லது.

பல பூனைகள் உள்ள வீட்டிற்குச் சிறப்பாக ஒன்று கூறவேண்டும். ஒரே வீட்டில் வாழ்வன எல்லாம் ஒரே குடும்பம் என்று நாம் கருதுகின்றோம்; பூனைகள் அவ்வாறு கருதுவதில்லை. ஒன்றையொன்று நக்கிக்கொண்டு, ஒட்டிப் படுத்துறங்குவன ஒரு கூட்டம். மற்றது வேறு கூட்டம். வழி ஒன்றேயாயின், வலிய பூனை அதன் முன்னே அமர்ந்துகொண்டு சுங்கச்சாவடி நடத்தும். எளிய பூனை பசித்தும் உள்ளே வாராது. கறுப்பன் அவ்வாறு அமர்வதை நாங்கள் கண்டு, கதவின் இருபுறமும் நான்கடி இடத்தைக் காலியாக விட்டோம். உணவுத் தட்டுகளை அதனருகிலிருந்து அகற்றி வெவ்வேறு மூலைகளில் வைத்தோம். இடமும் பொருளும் உடையவர் எதிர்ப்பக்கத்தில் இரண்டாம் கதவொன்று வைத்தல் சிறந்தது.

கதவால் ஆகாதவை

இவ்வளவும் கூறிய பின்னர், கதவால் ஆகாதவற்றையும் கூறாதொழிதல் நேர்மையன்று. கதவு நோயைத் தடுக்காது. மணியைக் கொன்ற வைரஸ், அழிக்கும் மருந்திட்டுக் கழுவாத இடத்தில் ஓராண்டளவும் நிலைத்திருக்க வல்லது. அது எண் கேட்டு நிற்பதில்லை. வெறிநாய்க்கடி நோயும் பூனைக்கு வரும். பூனையிடமிருந்து மனிதர்க்கும் வரும். இவ்விரண்டிற்கும் தடுப்பூசி உண்டு. கருத்தடை செய்த கடுவன் சண்டையை நாடி அலைவது குறையும். ஆகவே தடுப்பூசி முதலாவது, கருத்தடை இரண்டாவது, கதவு மூன்றாவது. இம்முறையை மாற்றிச் செலவிடுவோர் மூன்றாவதற்குக் கொடுத்த பணத்தை முதலாவதன் இழப்பில் தேடுவர். நாங்கள் முதலிரண்டையும் செய்யாமல் ஓட்டையை மட்டும் நொந்துகொண்டோம்.

நிற்க. அந்த அயற்கடுவன் என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். புதிய கதவு வைத்த முதல் வாரம் அது இரவுதோறும் வந்து பலகையை முட்டிப் பார்த்தது. பின்னர்க் கிணற்றடிச் சுவர்மேல் அமர்ந்து கதவையே நோக்கிக்கொண்டிருந்தது. மதில்மேற் பூனை என்பதன் பொருள் எனக்கு அப்போது வேறுவிதமாக விளங்கிற்று. அதற்கும் பசி உண்டு. அதுவும் எவர் வீட்டிலோ பிறந்து எவராலோ விடப்பட்டதே. என் தமையனார் மகள் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பால்சோறு இட்டு நாள்தோறும் சுவரடியில் வைக்கலானாள். ஒரு மாதத்தில் அது கூண்டுக்குள் வந்து உண்ணப் பழகிற்று. மருத்துவரிடம் கொண்டுசென்று கருத்தடையும் தடுப்பூசியும் செய்வித்தோம். மருத்துவர், “சிப்பும் வைத்துவிடலாமா?” என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். குழந்தைதான் விடை சொன்னாள்: “வைக்கலாம். ஆனால் கதவுக்கு இப்போது சொல்லவேண்டாம். கறுப்பன் சரியென்றால் சொல்லலாம்.”

அவள் கூறியதே இப்பொருளின் சாரம் என்று யான் கருதுகின்றேன். கதவு எண்ணைத்தான் அறியும், பூனையை அறியாது. எந்த எண்ணைப் பட்டியலில் சேர்ப்பது, எதனை விலக்குவது, எப்போது மாற்றுவது என்பவற்றை முடிவு செய்யவேண்டியவர் அப்பூனைகளோடு வாழும் நாமே. அவற்றுள் எது அஞ்சுகின்றது, எது நோயுற்றது, எது எதனோடு பொருந்தும் என்று நன்கு அறிந்தவர்க்கு எளிய கதவும் பெரும்பயன் தரும். அறியாதவர்க்கு விலைமிக்க கதவும் மற்றோர் ஓட்டையே ஆகும்.

சுவர்மேற் கடுவனுக்கு இப்போது எண் உண்டு. கதவின் பட்டியலில் அவ்வெண் இன்னும் ஏறவில்லை. ஆயினும் சென்ற திங்கள் ஒரு காலைப்பொழுதில் கறுப்பனும் அதுவும் அச்சுவரின்மேல் ஒரு முழ இடைவெளியில் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்ததை வீட்டிலுள்ளோர் அனைவரும் கண்டோம்.